மகளின் பேரில் எழுதிய வளவு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. எங்கள் ஊரான சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சேனையூர், கட்டைபறிச்சான் என்று திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் இதுதான் வழமை. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். தாயும் தகப்பனும் அதே வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கென்று தொடங்கிய வீட்டுக்கு மாறுவார்கள். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. ஆண்பிள்ளைகளின் உழைப்பு முதலில் அக்கா தங்கச்சிமாரின் சுவருக்குப் போகும். அதன் பிறகுதான் அவர்கள் இன்னொரு வீட்டுக்கு மருமகனாகப் போவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சீதனச் சுமையாக மட்டுமே தெரியும். சுமை உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் நெடுங்காலம் கணக்குப் படிப்பித்தவள் நான். இந்த ஊர்க் குடும்பங்கள் காசை, காணியை, மாட்டை, நெல்லை எப்படிப் பிரித்து வைத்தன என்று கூட்டிப் பார்க்கும்போது, வங்கிப் புத்தகம் இல்லாத காலத்திலேயே அவர்கள் கவனமாகத் திட்டம் போட்டு வாழ்ந்தார்கள் என்பது தெரிகிறது. அந்தத் திட்டத்தின் நடுவில் இருந்தவள் மகள். அதில் எது நின்றது, எது அழிந்தது என்பதை 2006-இன் இடப்பெயர்வு எங்களுக்குக் காட்டியது.

முதலில் நெல்லும் நெற்கடனும். 1660-இல் கொட்டியாரத்தில் கரையிறங்கிப் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸைப் பற்றி எங்கள் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டி, அவரை அங்கேதான் பிடித்தார்கள் என்றும் சொல்வார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவரை மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்து 1679-இல் தப்பினார். 1681-இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் எனக்குப் பெரிதாகப் படுவது பிடிபட்ட கதையல்ல. அந்நிய ஊரில் ஒரு தனி ஆள் எப்படிச் சீவித்தார் என்ற பகுதிதான். தொப்பி பின்னி விற்றார், பன்றியும் கோழியும் வளர்த்தார், கடைசியில் நெல்லைக் கடன் கொடுக்கத் தொடங்கினார். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு ஐம்பது என்று எழுதியிருக்கிறார்.

நூற்றுக்கு ஐம்பது என்றால் ஒன்றுக்கு ஒன்றரை. மலைநாட்டில் அவர் கண்ட அதே கணக்கை என் அம்மம்மா எங்கள் வயற்கரையில் கண்டிருக்கிறா. விதைப்புக்கு ஒரு மூடை வாங்கினால் சூடடித்ததும் களத்தில் ஒன்றரை மூடை அளக்க வேண்டும். அதனால் எங்கள் வீடுகளில் நெல்லை மூன்றாகப் பிரித்து வைக்கும் பழக்கம் இருந்தது. விதைநெல்லை யாரும் தொடக்கூடாது. சாப்பாட்டு நெல் அடுத்த அறுவடை வரை காணவேண்டும். மிச்சம்தான் விலைக்கு. மழையை நம்பிய பெரும்போகம் ஒன்றே நிச்சயமான வெள்ளாண்மை. ஆகவே விதைநெல்லைத் தின்றவன் அடுத்த வருடம் நெற்கடன் கொடுக்கும் போடியாரின் களத்தில் கைகட்டி நிற்பான். அம்மம்மா மரைக்காலால் அளந்து போடும்போது அதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே அளப்பா. 1948-இல் உத்தரவாத விலைத் திட்டம் வந்து, கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் அரசு நெல் வாங்கத் தொடங்கிய பிறகுதான் இந்த ஒன்றரைக் கணக்கின் பிடி மெல்லத் தளர்ந்தது. சங்கக்கடையில் பெயரைப் பதிந்து நெல்லைப் போட்டால் காசு கைக்கு வரும், போடியாரின் தராசுக்குப் போக வேண்டியதில்லை.

மாடுதான் உண்மையான சேமிப்பு. பெண்பிள்ளை பிறந்தால், வசதியுள்ள வீட்டில் ஒரு நாகை, அதாவது பெட்டைக் கன்றை, அவளுடைய பேருக்கு விடுவார்கள். நாட்டு மாடு முதல் கன்று போட மூன்றரை, நான்கு வருடம் எடுக்கும். அதன் பிறகு அது தன் பாட்டில் பெருகும். பிள்ளை பெரியவளாகும்போது பட்டியில் அவளுடைய மாடுகள் என்று ஒரு சிறு கூட்டம் நிற்கும். இதற்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. வருடச் செலவுக்கு, வைத்தியத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று ஆண் மாடான நாம்பனை விற்கலாம். நாகை விற்கக்கூடாது. என் தகப்பன் ஒரு வரட்சி வருடத்தில் நாகை விற்க வெளிக்கிட்டபோது அம்மா பட்டி வாசலில் போய் நின்றுகொண்டா. அன்று விலை கேட்டு வந்த ஆள் வெறுங்கையோடு திரும்பினார். அந்த நாகின் வழி வந்த பசுக்களை விற்றுத்தான் என்னுடைய வீட்டுக்கு ஓடு போட்டது.

பாலைவிடத் தயிரில் காசு அதிகம். ஆனால் தயிர் முட்டி திருகோணமலைச் சந்தைக்குப் போக மூதூர் இறங்குதுறையில் லாஞ்சி ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். தரை வழியாகப் போவதென்றால் மகாவலியின் கிளைகளில் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி ஏறி, கிண்ணியாத் துறையிலும் ஏற வேண்டும். கடல் கொந்தளிக்கும் மார்கழியில் எதுவும் ஓடாது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20-ஆம் திகதி திறக்கப்படும்வரை எங்கள் குடும்பங்களின் வரவுசெலவில் அந்தத் தண்ணீர்தான் பெரிய செலவுக்காரன். விற்பதைத் தள்ளிப் போடலாம் என்ற தைரியம் இருந்த வீடு மட்டுமே நல்ல விலை பார்த்தது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நெற்பட்டறை.

இனி காணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழக்கில் தாய்வழிச் சொத்துரிமை பழையது. மட்டக்களப்புப் பகுதியில் முக்குவர் சட்டம் என்ற பேரில் அது நீதிமன்றத்திலும் செல்லுபடியானது. பிரிட்டோ அதைப் பற்றி எழுதிய நூல் 1876-இல் வந்தது. அதே வருடத்தில்தான் ஆங்கிலேய அரசு திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உறுதியோ மரணசாசனமோ எழுதாமல் ஒருவர் செத்தால் சொத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுச் சட்டப்படி பிரியும் என்றாயிற்று. அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கிழக்குக் கரைத் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டையும் காணியையும் பெண்வழியில் கைமாற்றும் விதத்தை 2008-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டுகிறார். முதுசமாக இறப்புக்குப் பிறகு போன சொத்து, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சீதனமாக மகளுக்கு எழுதப்படலாயிற்று. சட்டம் மாறியபோது மக்கள் தங்கள் எண்ணத்தை விடவில்லை. எழுதும் நாளை முன்னுக்குத் தள்ளினார்கள்.

ஆனால் எழுதினார்களா என்பதுதான் கேள்வி. இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். வாய்ப்பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வொரு உறுதியின் துணைப்படியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்தச் செலவைச் செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. முத்திரைக் காசும் நொத்தாரிசுக் கூலியும் ஒரு நாம்பனின் விலை. “எங்கட பிள்ளைக்கு எங்கட வளவு, இதுக்கு எதுக்குக் கடதாசி?” என்று கேட்ட தகப்பன்மார் நல்லவர்கள்தான். அந்தக் காசில் சங்கிலி செய்து போட்டார்கள், பந்தலைப் பெரிதாகப் போட்டார்கள். ஊர் மெச்சியது.

நாங்கள் முன்பும் ஓடியிருக்கிறோம். 1990 யூலையில் ஊரில் படுகொலை நடந்தபோது ஓடினோம், திரும்பினோம். 2004 மார்கழியில் கடல் வந்தது, அதையும் கடந்தோம். ஒவ்வொரு முறையும் சில நாளில், சில மாதத்தில் திரும்பலாம் என்பதே எங்கள் அனுபவம். 2006 ஏப்ரல் 25-ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதற்குப் பதிலடியாக அன்றும் மறுநாளும் எங்கள் பகுதி மீது குண்டு விழுந்தது. சனம் காடு கரையாக வெளிக்கிட்டது. அவ்வருடம் செப்டெம்பர் 4-ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமானது. வெருகலைக் கடந்து வாகரைக்குப் போனவர்கள், 2007 தையில் வாகரையும் விழ, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்கள். 2007 மே மாதக் கடைசியில் எங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஊருக்குப் பக்கத்தில், ஊரைப் பார்த்துக்கொண்டே தகரக் கொட்டிலில் இருந்தோம்.

எது மிஞ்சியது? மாடு போயிற்று. கட்டியிருந்தவை கட்டிய இடத்திலேயே செத்தன, அவிழ்த்துவிட்டவை காட்டில் கலந்தன, யார் கையிலோ சேர்ந்தன. நெல் போயிற்று. வீடு நிலைக்கதவு, ஓடு, கல் என்று பிரிந்துபோய்ப் பற்றை மூடியது. தாலிக்கொடியும் சங்கிலியும் கழுத்தில் வந்தன. அவை வாகரையிலும் மட்டக்களப்பிலும் பால்மாவாகவும் மருந்தாகவும் ஒவ்வொரு பவுனாகக் கரைந்தன. நகையைப் பெருமைக்கு வைத்திருக்கிறோம் என்று பெண்களைக் குறை சொல்பவர்கள், முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஒரு தோடு செய்த வேலையைக் கண்டிருக்க வேண்டும்.

கரையாமல் நின்றவை இரண்டு. ஒன்று பிள்ளைகளின் படிப்பு. மற்றது உறுதி. பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்த உறுதிகள் உண்டு. வழியில் தொலைத்தவர்களும் திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போய் இலக்கத்தைச் சொல்லிப் பிரதி எடுக்க முடிந்தது, ஏனென்றால் துணைப்படி அங்கே இருந்தது. ஒரு நாம்பனின் விலையை மிச்சம் பிடித்த வீடுகளுக்கு அந்த வழியில்லை. கிராம சேவகரின் கடிதம், அயலாரின் சத்தியக் கடதாசி, பழைய வாக்காளர் இடாப்பு என்று அலைந்தார்கள். அயலாரும் சிதறிப்போயிருந்தார்கள்.

கணவனை இழந்த பெண்களின் நிலையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. வளவு அவளுடைய பேரில் இருந்தால், மாமன் மச்சான் யாருடைய தயவும் இல்லாமல் அவள் காணிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். பழைய வழமை எங்கள் விதவைகளுக்குச் செய்த நன்மை இது. அந்த நன்மை கடதாசியில் இருந்த வீட்டில் மட்டுமே முழுதாகக் கிடைத்தது.

முகாமில் இருந்த காலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு தெரிவு வைக்கப்பட்டது. வேறிடத்தில் மாற்றுக்காணி தருகிறோம், போங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஊர்க்காணியில் அனல் மின்நிலையம் வரப்போகிறது என்றார்கள். இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்தோடு 2006 மார்கழியிலேயே உடன்பாடு ஆகியிருந்தது. 2012-இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நிவாரண அரிசியில் வாழும் ஒரு குடும்பம் கைக்கு வரும் காணியை வேண்டாம் என்று சொன்னால் அது விவேகமா, பிடிவாதமா என்று பலர் கேட்டார்கள். எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். நான் அதை விவேகம் என்றே சொல்வேன். காட்டிய இடத்தில் வயலில்லை, கடலில்லை, மாடு மேய நிலமில்லை. ஒரு வீட்டுக்கான துண்டு அது. மூன்று மகள்மாருக்குப் பிரித்துக் கொடுக்க அதில் என்ன இருக்கிறது? பத்திரகாளி அம்மன் கோயிலடியில் பிறந்து வளர்ந்த பாசம் மட்டும் அவர்களை இருத்தவில்லை. அடுத்த தலைமுறைப் பெண்ணின் கணக்கையும் அவர்கள் போட்டார்கள்.

2015 மே மாதத்தில் அந்த 818 ஏக்கருக்கான அறிவித்தல் நீக்கப்பட்டது. அதன் மேல் நடந்த வழக்கு முடிந்து ஓகஸ்டில் காணி கிடைத்தது. ஊரில் கடற்படை முகாமிருந்த காணியில் பெரும்பகுதி 2016 பங்குனியில் வந்தது. அனல் மின்நிலையத் திட்டமும் அவ்வருடமே கைவிடப்பட்டது. அதற்கு எடுத்த நிலத்தில் இப்போது சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரல் 5-ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் அதைத் தொடக்கிவைத்தார்கள்.

திரும்பி வந்த கையோடு கடனும் வந்தது.

மீள்குடியேறியவர்களுக்கான வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு. அளவான வீட்டைக் கட்டினால் அந்தக் காசு ஏறக்குறையக் காணும். ஆனால் பத்து வருடம் தகரத்துக்குக் கீழே இருந்த தாய்க்கு மகளின் வீட்டை அளவாகக் கட்ட மனம் வரவில்லை. சீதன வீடு மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்கு எடுபட வேண்டும். முன்னுக்கு ஒரு விறாந்தை, மாபிள் பதித்த மண்டபம், இன்னொரு அறை. இதுதான் நான் மறைக்கமாட்டேன் என்று சொன்ன சுமை. அண்ணன் தம்பிமார் கட்டாரில் நின்று முப்பத்தைந்து வயதுவரை கலியாணம் முடிக்காமல் அனுப்பிய காசு இந்தச் சுவர்களில் இருக்கிறது. காசு முடிந்த இடத்தில் கிழமைக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும், வேறு ஈடு வேண்டாம்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை ஒருநாள் கடன் அட்டையைக் கொண்டுவந்தாள். “மாசம் நூற்றுக்கு ரெண்டு வீதம்தானே ரீச்சர், இது பெரிய வட்டியா?” என்றாள்.

“அப்ப நீ எழுது பிள்ளை, நான் சொல்றன்” என்றேன்.

இலட்சம் ரூபா, பன்னிரண்டு மாதம். கிழமைத் தவணைகளை மாதமாகக் கூட்டினால் முதல்தொகையில் 8,333, வட்டி 2,000, ஆக 10,333 ரூபா கட்ட வேண்டும். ஒன்பது மாதம் கட்டிவிட்டால் அவளிடம் மிஞ்சியிருக்கும் கடன் 25,000. பத்தாம் மாதமும் வட்டி 2,000தான். இருபத்தைந்தாயிரத்துக்கு இரண்டாயிரம் என்றால் அந்த மாதம் நூற்றுக்கு எட்டு. கடைசி மாதம் கையிலிருக்கும் 8,333-க்கு 2,000 என்றால் நூற்றுக்கு இருபத்துநான்கு. முழு வருடத்துக்கும் சரியாகக் கணித்தால் 40 வீதத்தைத் தாண்டும். சேவைக் கட்டணமும் காப்புறுதியும் என்று முதலிலேயே பிடித்துக்கொண்ட காசு வேறு. எழுதி முடித்துவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். நொக்ஸ் கண்ட நூற்றுக்கு ஐம்பது எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. களத்தில் அளந்த காலத்திலாவது அறுவடை மட்டும் பொறுத்தார்கள். இது அறுவடை பாராமல் கிழமைக்குக் கிழமை வருகிறது.

இது சம்பூரின் கதை மட்டுமல்ல. 2018-இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 வீதம் வரை போகிறது என்று சொன்னார். வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசு பொறுப்பேற்கும் திட்டம் அவ்வருடம் வந்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வந்தது. ஓரளவு மூச்சு விட்டார்கள். கடனே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இறவை இயந்திரத்துக்கும் தோணிக்கும் பட்ட கடன் தன்னைத் தானே அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். மாபிள் பதிக்கப் பட்ட கடனை அடைக்க அந்த மாபிள் ஒரு சதமும் உழைக்காது.

கிழமைக் கடனுக்குப் பதிலாக எங்கள் பெண்கள் பழைய சீட்டுக்குத் திரும்பினார்கள். பத்துப் பேர், மாதம் ஐயாயிரம், குலுக்கலில் விழுபவளுக்கு ஐம்பதாயிரம். வட்டி இல்லை. யாருக்காவது அவசரம் என்றால் விழுந்தவள் தன் முறையை விட்டுக்கொடுப்பாள். சீட்டுக் காசில் நாகு வாங்கியவர்களைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்.

2022 வந்தது. நாடு கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரலில் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய வருடத்து இரசாயனப் பசளைத் தடையால் வயல்களும் அடிபட்டிருந்தன. வங்கியில் நிலையான வைப்பிலிட்டு நிம்மதியாக இருந்த ஓய்வூதியக்காரரில் நானும் ஒருத்தி. என் காசின் பெறுமதி கண்முன்னே தேய்ந்தது. அதே வருடத்தில், குறைந்த விளைச்சலிலும் சாப்பாட்டு நெல்லை விற்காமல் அடைத்து வைத்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. மாட்டின் விலையும் தங்கத்தின் விலையும் ஏறின. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காத பழைய பிரிப்பு எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்று அப்போது இளம் குடும்பங்களுக்கும் விளங்கியது.

இப்போது என் வேலை கடதாசியில். ஊரில் எல்லாக் காணிக்கும் உறுதி இல்லை. பல வயல்களும் குடியிருப்புத் துண்டுகளும் 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுத்தவை. உரித்தாளர் யாரையும் பின்னுரித்தாளராகப் பெயரிடாமல் செத்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணை மகள்மாருக்கு முன்னால் மகன்மாரை வைத்தது. வீடு பெண்ணுக்கு என்ற எங்கள் வழமை பெர்மிட் காணிக்குள் நுழைந்ததும் சட்டத்தால் தலைகீழானது. 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு ஆண் பெண் வித்தியாசம் நீக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பெயரிடாத காணியில் மூத்த பிள்ளைக்கே முதலுரிமை. வீட்டில் கூட இருந்து தாயைப் பார்த்த கடைசி மகளுக்கு அது உதவாது. ஆகவே பெண்களைக் கூட்டிக்கொண்டு மூதூர் பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். பெர்மிட்டையும் அவர்கள் கேட்கும் பத்திரங்களையும் கொண்டுபோனால் காணிக் கிளையில் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிய வழி செய்வார்கள். போன கிழமை வந்தவர்களில் ஒருவர், மகளின் வீட்டு விறாந்தையைக் கட்டாமல் விட்டு அந்தக் காசில் இரண்டு நாகு வாங்கிய தாய். பெயர் பதிந்த பிறகு நகலை எங்கே வைப்பது என்று கேட்டா. ஒன்றை மகளிடம், ஒன்றைத் திருகோணமலையில் இருக்கும் தம்பியிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன்.